100 வரிக்குள் கற்ற கலை

1860 இல் ரஷ்யாவின் தகன்ரொக் நகரிற் பிறந்தவர் அன்ரன் செக்கோவ். கடை நொடித்துத் தந்தையார் 1876 இல் கடன்காரருக்கு அஞ்சி மொஸ்கோவுக்கு ஓடினார், குடும்பமும் பின்சென்றது. மகனோ ஊரிலே தங்கி, பிறருக்குப் பாடஞ்சொல்லிப் பிழைத்துப் பள்ளிப்படிப்பை முடித்தார். பின்னர் மொஸ்கோவில் மருத்துவம் பயின்றவாறே, குடும்பத்தைத் தாங்கப் புனைபெயரில் நகைச்சுவைச் சஞ்சிகைகளுக்கு எழுதினார். வரிக்கணக்கிற் கூலி, ஒரு சஞ்சிகையிற் கதை 100 வரிக்கு மேற்படலாகாது. சொற்செட்டு அவருக்குக் கைவந்தது இந்நெருக்கடியாலேயே என்பேன். 1886 இல் மூத்த எழுத்தாளர் கிரிகரோவிச், அவசர எழுத்தை விட்டுவிடுமாறு அவருக்குக் கடிதம் வரைந்தார். எக்கதைக்கும் ஒருநாளுக்கு மேற் செலவிட்ட நினைவில்லை என்று செக்கோவ் மறுமொழியில் ஒப்புக்கொண்டார். அதன்பின் ஆறுதலாக எழுதிய 'புல்வெளி' 1888 இல் வெளிவந்தது. படிப்பதற்காகத் தாயைப் பிரிந்து, ஆசிரியரின் பிறந்தமண்ணூடே வண்டியிற் செல்லும் ஒன்பது வயதுச் சிறுவனின் கதை அது. 1904 இல் காசநோய் அவரைக் கொண்டுபோனபோது வயது 44.