வாங் மாங் என்னும் சீனச் சக்கரவர்த்தி

சீன தேசத்தை ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் ஆண்ட ஹான் வமிசத்தின் ஆட்சியை நடுவே பிளந்து, கி.பி. 9 முதல் 23 வரை அரியணையில் வீற்றிருந்தவன் வாங் மாங் என்பான். அவ்வமிசம் மீண்டு தழைத்தபின் அதன் நிழலிலிருந்து எழுதிய பன் கு என்னும் சரித்திராசிரியர் இவனைக் கபடன் என்றே தீட்டினார். இவனைப் பற்றி நாம் அறிவன பெரும்பாலும் அவர் நூல்வழி வந்தனவே. எதிர்வழக்காடுவோன் வாக்குமூலத்தை மட்டுங் கொண்டு தீர்ப்பளிக்க நேர்ந்த நீதிபதிபோல, நாமும் சற்று நிதானித்தே செல்லல் வேண்டும்.

இவன் பிறந்தது கி.மு. 45-இல். இவனுடைய அத்தை ஹான் சக்கரவர்த்தியின் பட்டத்தரசி. அவள் மகன் செங் முடிசூடியபின் அவளுடைய சகோதரர்கள் பிரபுக்களாயினர். வாங் மாங்கின் தந்தையோ அதற்கு முன்னரே இறந்துபட்டார். உறவின் முறையார் மக்கள் தேரும் இசையுமாகக் களித்திருக்க, இவன் விதவைத் தாயைப் பேணி, கன்பூசியஸ் மரபின் நூல்களை ஓதி, ஏழை மாணாக்கன்போல் வளர்ந்தான். பெரிய தந்தை நோயுற்றபோது மருந்தைத் தான் முதலிற் சுவைத்துக் கொடுத்து, தலைவாராது, உடைகளையாது பல மாதம் பணிவிடை செய்தான். அவர் இறக்குந் தருவாயில் இவனை அரசனிடம் ஒப்புவித்தார். கி.மு. 8-இல் மகாசேனாபதிப் பதவி வாய்த்தது. அந்நாளில் இவன் தாயை நலம் விசாரிக்க வந்த பிரபுக்களின் மனைவியர், முரட்டுத் துணியுடுத்தி எதிர்கொண்ட இவன் மனைவியை வேலைக்காரி என்றெண்ணிப் பின்னர் உண்மையறிந்து திடுக்கிட்டனர்.

செங் இறந்தபின் ஆய் என்னும் அரசன் காலத்தில் இவன் பதவியிழந்து தன் மானிய ஊருக்குச் சென்றான். அங்கே இவனுடைய இரண்டாம் மகன் ஓர் அடிமையைக் கொன்றான். அக்காலப் பிரபுக்கள் இத்தகைய கொலையைப் பொருட்படுத்துவதில்லை. இவனோ மகனைத் தன்னுயிர் மாய்த்துக்கொள்ளுமாறு பணித்தான். கி.மு. 1-இல் ஆய் மகப்பேறின்றி இறக்க, அத்தை இவனை மீட்டும் அழைத்தாள். பிங் என்னும் ஒன்பது வயதுப் பாலன் அரசனானான், ஆட்சி இவன் கையதாயிற்று. பாலனின் தாயைத் தலைநகருக்கு வரவொட்டாது தடுத்தமையை எதிர்த்துச் சூழ்ச்சி செய்த மூத்த மகனும் கி.பி. 3-இல் சிறையில் மாண்டான். இரு மக்களையும் நினைந்து அழுதழுது அவர்தம் தாய் கண்ணொளி இழந்தாள். இளையவன் திறத்தில் வாங் மாங் அறநூலின் எழுத்தைப் பிள்ளையினும் பெரிதாகக் கொண்டான் எனலாம். மூத்தவன் திறத்தில் அங்ஙனம் கூற நா எழவில்லை.

ஈண்டு நமக்குச் சுவைபயக்கும் செய்தி ஒன்றுண்டு. தன் புகழ் கடல்கடந்தும் பரவியதெனக் காட்ட விரும்பி, இவன் ஹுவாங்-சி என்னும் தென்கடல் நாட்டு அரசனுக்கு அரும்பொருள்கள் அனுப்பி, உயிருள்ள காண்டாமிருகம் ஒன்றைத் திறையாக வருவித்தான். அது கி.பி. 2-இல் வந்து சேர்ந்தது. ஹுவாங்-சி என்பது நம் காஞ்சியே என ஆராய்ச்சியாளர் சிலர் கூறுவர், பிறர் உடன்படார்.

பின்னர் இவன் தனக்களித்த நிலத்தை மறுத்தபோது, இவனைப் பெருமைப்படுத்துமாறு விண்ணப்பித்தோர் தொகை 4,87,572 எனக் குறிக்கப்பட்டுள்ளது! பிங் இளமையிலேயே இறந்தான். நஞ்சூட்டப்பட்டான் என்ற பேச்சு எழுந்தது. பால்மணம் மாறாக் குழவியொன்றை இளவரசாக்கித் தான் பதில் அரசனானான், கி.பி. 9-இல் அத்திரையையும் விலக்கி, புதியது எனப் பொருள்படும் ஷின் வமிசத்தை நிறுவினான். தன் மருமகனை இத்துணையும் உயர்த்திய முதிய அத்தை, அரச முத்திரையைக் கேட்டு ஆள்வந்தபோது வெகுண்டழுது அதைத் தரையில் எறிந்தாள். அக்குழவியோ யாருடனும் பேசவிடாது வளர்க்கப்பட்டு, வீட்டு விலங்குகளின் பெயருமறியாத வாலிபனானான்.

முடிசூடிய ஆண்டிலேயே நிலமனைத்தும் அரசன் நிலம் என்றும், நிலத்தையும் அடிமைகளையும் விற்றலாகாதென்றும் ஆணையிட்டான். மிகுதியாக நிலம் வைத்திருப்போர் மிச்சத்தை உறவினர்க்கும் அயலார்க்கும் பகிர்தல் வேண்டும். நோக்கம் உயர்ந்ததே, ஆனால் நிலத்தை அளந்து பங்கிடும் அதிகாரிகள் எங்கே? கி.பி. 12-இல் ஆணை கைவிடப்பட்டது. நாணயமோ பன்முறை மாறியது; கி.பி. 10-இல் பொன், வெள்ளி, செம்பு, ஆமையோடு, சோழி எனப் பலவற்றால் 28 வகை ஏற்பட்டன. மக்கள் பழைய காசையே மறைவில் வழங்கினர். கள்ளக்காசு வார்த்தவனோடு அயல்வீட்டார் ஐங்குடியும் அடிமைகளாக்கப்பட்டனர். அடிமை விற்பனையைத் தடுத்தவனே எண்ணிறந்தோரை அடிமைப்படுத்தினான். பண்டை நூல்களுக்கேற்ப ஊர்ப்பெயர்களையும் மாற்றினான். ஒரு மாகாணம் ஐந்துமுறை பெயர் மாறிப் பழம்பெயரையே அடைந்ததும் உண்டு. ஆணையோலைகளில் பழைய பெயரையும் சேர்த்தெழுத வேண்டியதாயிற்று. பெயரைத் திருத்தினால் பொருளும் திருந்தும் என இவன் மெய்யாகவே நம்பினான் போலும்.

மஞ்சள் நதி கரையுடைத்துப் பாய்ந்தது, பஞ்சம் தொடர்ந்தது. புருவத்திற்குச் செஞ்சாயம் பூசிய உழவர் கூட்டம் கிழக்கே கிளர்ந்தது. கி.பி. 23-இல் குன்-யாங் என்னுமிடத்தில், ஹான் குலத்து லியு சியு சிறுபடைகொண்டு இவன் பெரும்படையைச் சிதறடித்தான். அவ்வாண்டில்தான் இவன் நரைத்த தாடிக்கு மையிட்டுப் புதுமணம் புரிந்தான். பின்னர் அதிகாரிகளுடன் நகர்ப்புறத்தே சென்று வானத்தை நோக்கிக் கதறினான். நன்கு அழுத ஐயாயிரவர்க்கு மேற்பட்டோர் பதவி பெற்றனர்.

அக்டோபர் மாதம் கலகக்காரர் சாங்-ஆன் நகருட் புகுந்தனர். பிங்கை மணந்து இளமையிலேயே கைம்பெண்ணான இவன் மகள், அரண்மனையில் எரிந்த தீயிற் பாய்ந்தாள். நீர்சூழ்ந்த மேடையில் ஒதுங்கிய வாங் மாங்கை வணிகன் ஒருவன் வெட்டி வீழ்த்தினான். துண்டித்த தலையைச் சந்தையில் தொங்கவிட, மக்கள் அதன்மேல் கல்லெறிந்தனர். பின்னர் அத்தலை அரச பண்டாரத்தில் வைக்கப்பட்டு, வமிசங்கள் மாறியும் காக்கப்பெற்று, கி.பி. 295-இல் லோயாங் நகரில் நேர்ந்த தீயில் எரிந்துபோயிற்று.