சுறாக்களின் கணக்கு

முதலாம் உலகப் போர் அத்ரியாட்டிக் கடலில் மீன்பிடியை முடக்கிப்போட்டது. கடலுக்குப் போகத் தடை என்றால் என்னவென்று நம்மவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. போர் ஓய்ந்தபின் உம்பேர்ட்டோ டான்கோனா என்ற இளம் இத்தாலிய விலங்கியலாளர் மீன்சந்தைக் கணக்குகளைப் புரட்டினார். ஃபியூமே துறைமுகத்துக்கு வந்த மீனில் சுறா, திருக்கை வகைகளின் பங்கு 1914இல் 11.9 சதவீதம். 1918இல் அது 36.4. 1923இல் மறுபடியும் 10.7. வலை விழாவிட்டால் எல்லா மீனுக்கும் நல்லகாலம்தானே? சுறாவுக்கு மட்டும் ஏன் இந்த யோகம்?

கேள்வி, பின்னாளில் அவருக்கு மாமனாரான வீட்டோ வோல்ட்டெராவிடம் போனது.

வோல்ட்டெரா 1860இல் அன்கோனா நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். இரண்டு வயதில் தந்தையை இழந்து தாய்மாமன் ஆதரவில் வளர்ந்தார். 23 வயதில் பீசா பல்கலைக்கழகப் பேராசிரியர், 1905இல் செனட்டர். முதலாம் போரில், ஐம்பது வயது கடந்த பிறகும், இராணுவத்தில் சேர்ந்து வான்கப்பல்களில் வேலை செய்தார்.

கணித மேதைக்கு மீன் புதிது. இரண்டே சமன்பாடுகள் எழுதினார். சிறுமீன் பெருகினால் சுறாவுக்குத் தீனி, சுறா பெருகும். சுறா பெருகச் சிறுமீன் தேயும், பிறகு பசியால் சுறாவும் குறையும். சுறா குறைந்ததும் சிறுமீன் தலையெடுக்கும். வெளியிலிருந்து எவரும் தலையிடாமலே இந்த ஏற்ற இறக்கம் சுழன்றுகொண்டிருக்கும். மீனவனின் வலை இரண்டையும் அள்ளுகிறது. ஆனால் அளவோடு அள்ளினால் சராசரியில் சிறுமீன் கூடுகிறது, சுறா குறைகிறது. வலை நின்றால் இதற்கு நேர்மாறு. போர்க்காலக் கணக்கின் மர்மம் இதுதான்.

1926இல் இதை வெளியிட்டார். அமெரிக்காவில் அல்பிரட் லொட்கா அதே சமன்பாடுகளைத் தனியாகக் கண்டிருந்ததால் இன்று இரு பெயரும் சேர்த்தே சொல்லப்படுகின்றன. மீன் ஒளிய இடம், நோய், தீனியின் எல்லை எதுவும் அதில் இல்லை; கடல் அவ்வளவு எளிதல்ல. ஆனாலும் பூச்சிமருந்து அடித்த தோட்டத்தில் பூச்சி ஏன் முன்னிலும் அதிகமாகத் திரும்புகிறது என்பதை அந்த இரண்டு வரிகள்தான் விளங்கவைத்தன. மருந்து, பூச்சியைத் தின்னும் பூச்சியையும் சேர்த்துக் கொன்றுவிடுகிறது.

1931இல் முசோலினி அரசு பேராசிரியர்கள் அனைவரும் பாசிச ஆட்சிக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய வேண்டும் என்றது. 1,200க்கும் மேற்பட்டோரில் மறுத்தவர்கள் ஏறத்தாழ ஒரு டசின் பேர். பிள்ளைகுட்டி உள்ளவர்கள் கையெழுத்திட்டதை நாம் இலேசாகப் பழிக்க முடியாது. 71 வயது வோல்ட்டெரா மறுத்தார். உரோம் பல்கலைக்கழக வேலை போயிற்று. உயிரினப் போராட்டம் பற்றிய அவருடைய நூல் அதே ஆண்டில் பாரிசில் பிரெஞ்சு மொழியில் வெளிவந்தது. 1934இல் இத்தாலிய அறிவியற் கழகங்களும் கதவடைத்தன. 1938இன் இனச் சட்டங்கள் சட்டப் பேராசிரியரான மகன் எடோர்டோவின் பதவியையும் பறித்தன.

அடுத்த போர் தொடங்கி அதே கடல்களில் மீண்டும் வலைகள் ஓய்ந்துகொண்டிருந்த 1940 ஒக்டோபர் 11இல், உரோமில் வோல்ட்டெரா காலமானார்.