சேலம் சேர்மனும் ஒரு வால்வுச் சாவியும்

மலருக்கு நம் பேட்ச் சார்பில் நீதான் எழுத வேண்டும் என்று நண்பர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஹாஸ்டல் நாட்களைப் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் உட்கார்ந்தேன். ஆனால் மெஸ் சாம்பாரைப் பற்றியும் சர்வே கேம்ப்பைப் பற்றியும் எப்படியும் நாலு பேர் எழுதியிருப்பார்கள். அதனால் நான் ராஜாஜியைப் பற்றி எழுதுகிறேன். உடனே பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்! கவர்னர் ஜெனரல் ராஜாஜியை எல்லோருக்கும் தெரியும். நான் சொல்லப் போவது சேலம் முனிசிபல் சேர்மன் ராஜாஜியைப் பற்றி.

நான் 2009-ல் சிவில் முடித்து வெளியே வந்தவன். நகராட்சிப் பொறியியல் பிரிவில் வேலை. குழாய், வால்வு, டேங்க், சாக்கடை, எம்.புக் - இதுதான் என் பிழைப்பு. நகராட்சி மன்றக் கூட்டம் என்றால் பலருக்கு மைக்கைப் பிடுங்குவதும் வெளிநடப்பும்தான் ஞாபகம் வரும். அதையெல்லாம் தாண்டி அங்கே நடப்பது சலிப்பான வேலை. பொருள் எண் 1, மோட்டார் ரிவைண்டிங் செலவு. பொருள் எண் 2, பிளீச்சிங் பவுடர் கொள்முதல். பொருள் எண் 3, பஸ் ஸ்டாண்டு கடை ஏலம். மன்றம் அங்கீகரித்தது, மன்றம் ஒத்திவைத்தது என்று ஒவ்வொன்றாகப் போகும். இப்படிப்பட்ட நாற்காலியில் ராஜாஜி மாதிரி ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார் என்று படித்தபோது, அங்கே அவர் என்னதான் செய்தார் என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது.

தொரப்பள்ளியிலிருந்து சேலம்

ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளி கிராமம். அன்றைக்கு அது சேலம் ஜில்லாவில் இருந்தது. 1878 டிசம்பர் 10-ந் தேதி அங்கே பிறந்தார். அப்பா கிராம முன்சீப். ஓசூரில் பள்ளிப் படிப்பு, பெங்களூர் சென்ட்ரல் காலேஜ், பிறகு சென்னையில் சட்டம். 1900-ல் சேலத்துக்கு வந்து வக்கீல் தொழிலை ஆரம்பித்தார். சில வருஷங்களிலேயே நல்ல பெயரும் நல்ல வரும்படியும் வந்துவிட்டன. ஒல்லியான உடம்பு, அடிக்கடி ஆஸ்துமா. ஆனால் கோர்ட்டில் குறுக்கு விசாரணை என்றால் எதிராளி தப்ப முடியாது.

1911-ல் சேலம் நகராட்சி உறுப்பினர் ஆனார். 1917-ல் சேர்மன். இதற்கு நடுவில், 1916-ல், அவர் மனைவி காலமாகிவிட்டார். ஐந்து குழந்தைகள். அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. தாயில்லாப் பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டு, பகலில் கோர்ட், மீதி நேரத்தில் நகராட்சி என்று ஓடிய மனிதர் என்பதை முதலில் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் மாதிரி எஞ்சினீயர்களுக்குப் பிடித்த ஒரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதே 1916-ல் தமிழில் விஞ்ஞானக் கலைச்சொற்களை உண்டாக்க ஒரு சங்கத்தை ஆரம்பித்தார். தாவரவியல், வேதியியல், இயற்பியல், வானவியல், கணிதம் ஆகியவற்றுக்குத் தமிழ்ச் சொற்களைத் தேடினார்கள். சட்டம் படித்தவருக்கு ஏன் இந்த வேலை? பிள்ளைகளுக்கு விஞ்ஞானத்தை அவர்கள் பாஷையிலேயே சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறார். நூறு வருஷம் ஆன பிறகும் நாம் சைட்டில் மேஸ்திரியிடம் பேசும்போது பாதி வார்த்தைக்குத் தமிழ் தேடித்தானே திணறுகிறோம்!

சேர்மன் என்றால் என்ன வேலை?

சேலம் நகராட்சி 1866-ல் ஏற்பட்டது. ராஜாஜி சேர்மனாக இருந்தபோது ஊரின் ஜனத்தொகை ஐம்பதாயிரத்துச் சொச்சம். பின்னால் வந்த கமிஷனர் முறை அப்போது கிடையாது. சேர்மனே நிர்வாகத் தலைவர். ரோடு, சாக்கடை, தெருவிளக்கு, அதுவும் எண்ணெய் விளக்கு. அம்மை குத்துவது, பிறப்பு இறப்புக் கணக்கு, ஆரம்பப் பள்ளிகள், குப்பை, மலம் அள்ளுவது எல்லாம் அவர் தலையில்தான். வருமானமோ வீட்டு வரி, தொழில் வரி, வண்டி வரி, சுங்கம் என்று கொஞ்சம்தான். வரி போட்டால் ஓட்டுப் போட்டவனே திட்டுவான். போடாவிட்டால் சாக்கடை நிற்கும். இந்தக் கணக்கு இன்றைக்கும் மாறவில்லை.

காலமும் நல்ல காலமில்லை. முதல் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. தானிய விலை ஏறி, 1918-ல் சென்னை மாகாணத்தின் பல ஊர்களில் தானியக் கலவரங்கள் நடந்தன. அதே வருஷக் கடைசியில் இன்ஃபுளுயன்சா காய்ச்சல் வந்து லட்சக்கணக்கில் இந்தியாவில் ஆட்களைக் கொண்டுபோயிற்று. 2020-ல் கொரோனா சமயத்தில் நகராட்சியில் இருந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பக்கத்து ஊர் ஈரோட்டிலும் அப்போது ஒரு சேர்மன் இருந்தார். ஈ.வெ. ராமசாமி! காவிரித் தண்ணீரைக் குழாயில் ஊருக்குக் கொண்டுவரும் வேலையில் அவர் மும்முரமாக இருந்தார். பிற்காலத்தில் தமிழ்நாட்டு அரசியலின் இரண்டு துருவங்களாக நின்றவர்கள், ஒரே சமயத்தில் அடுத்தடுத்த ஊர்களில் குழாயும் சாக்கடையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் நண்பர்களானதும் அந்த நாட்களில்தான்.

தண்ணீர் திறக்கிறவர்

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

பனமரத்துப்பட்டி ஏரியிலிருந்து சேலத்துக்குக் குடிநீர் வர ஆரம்பித்துச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. குழாய்த் தண்ணீர் என்றால் வால்வு உண்டு. வால்வு என்றால் அதைத் திறந்து மூட ஒரு ஆள் உண்டு. அக்கிரகாரத்துக்குத் தண்ணீர் திறக்கும் அந்த வேலைக்குத் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவர் போடப்பட்டார். அக்கிரகாரம் கொதித்தது. அந்தக் கை பட்டுத் திறந்த தண்ணீரை எப்படிக் குடிப்பது என்று கேட்டார்கள்.

கேட்டவர்கள் யாரோ இல்லை. சேர்மனின் சொந்த ஜாதிக்காரர்கள். தினம் முகத்தில் முழிக்க வேண்டியவர்கள். வீட்டில் நல்லது கெட்டது என்றால் வந்து நிற்க வேண்டியவர்கள். தாயில்லாத ஐந்து பிள்ளைகளோடு இருக்கும் ஒருவருக்கு ஊராரின் தயவு எவ்வளவு தேவைப்பட்டிருக்கும்! அந்த ஆளை வேறு தெருவுக்கு மாற்றியிருந்தால் ஒரே நாளில் விஷயம் முடிந்திருக்கும். யாரும் அவரைக் குறை சொல்லியிருக்கவும் மாட்டார்கள்.

ராஜாஜி மாற்றவில்லை. அந்த மனிதர் அதே வால்வில்தான் வேலை பார்த்தார். அவர் சேர்மனாக இருந்த காலத்தில்தான் தாழ்த்தப்பட்ட வகுப்பிலிருந்து முதல் உறுப்பினரும் சேலம் நகராட்சிக்குள் வந்தார். அதற்கும் ராஜாஜியே காரணம். வைதிகர்களின் பகை கிடைத்தது, வாங்கிக்கொண்டார்.

என் வால்வுச் சாவி

இதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷத்துக்குப் பதில் கூச்சம்தான் வந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஊரில் இருந்தேன். ஊர் பெயர் வேண்டாம். கோயிலை ஒட்டிய நாலு தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிட்டுக்கொண்டிருந்த பெரியவர் ரிட்டயர் ஆனார். அந்த இடத்துக்கு இன்னொருவரைப் போட்டேன். நல்ல வேலைக்காரர். எந்த வால்வு எத்தனை சுற்று, எங்கே லீக், எல்லாம் கைவிரலில் வைத்திருப்பார். மூன்றாவது வாரம் ஒரு மனு வந்தது. தண்ணீர் நேரத்துக்கு வருவதில்லை, வேறு ஆளைப் போட வேண்டும் என்று முப்பது கையெழுத்து. கொண்டுவந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஜாதி என்ற வார்த்தையை ஒருவரும் வாயில் எடுக்கவில்லை. ஆனால் அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று ஒருவர் சும்மா கேட்பதுபோலக் கேட்டார்.

டேங்க்கில் நேரம் எழுதும் நோட்டு இருந்தது. எடுத்துப் பார்த்தேன். பழைய ஆள் திறந்த நேரம்தான், ஐந்து நிமிஷம்கூட வித்தியாசமில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும், அடுத்த வாரம் மன்றக் கூட்டம் இருக்கிறது, எதற்கு வம்பு என்று நினைத்தேன். நிர்வாக நலன் கருதி என்று ஒரு வரி எழுதி அவரைப் பம்ப் ஹவுசுக்கு மாற்றினேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. தோளில் வைத்திருந்த நீளமான வால்வுச் சாவியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, வரேன் சார் என்று சொல்லிப் போய்விட்டார். அவர் கேட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

1917-ல் சேலத்தில் காரணத்தை முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். என்னிடம் நேரத்தைக் காரணம் காட்டினார்கள். நூறு வருஷத்தில் மாறியது அவ்வளவுதானா என்று நினைத்துக்கொள்வேன். அப்புறம், மாறியிருக்க வேண்டியவன் நானல்லவா என்றும் தோன்றும். ராஜாஜிக்கு எதிரில் நின்றது அவருடைய சொந்த ஜனம். எனக்கு எதிரில் இருந்தது ஒரு வெள்ளைத் தாள். அதற்கே பயந்தேன். அந்த உத்தரவு இன்றும் எங்கேயோ ஒரு பைலில் என் கையெழுத்தோடு இருக்கும். நான் டிரான்ஸ்பரில் வந்துவிட்டேன். அவர் பம்ப் ஹவுசிலேயே ஓய்வு பெற்றதாகக் கேள்வி.

பிறகு வந்த நாற்காலிகள்

1919-ல் ராஜாஜி சேலத்தை விட்டுச் சென்னைக்குக் குடிபோனார். அந்த மார்ச்சில் காந்திஜி அவர் வீட்டில் தங்கியிருந்தபோதுதான் நாடு தழுவிய ஹர்த்தால் என்ற எண்ணமே காந்திஜிக்கு உதித்தது. ஈரோட்டுச் சேர்மனும் அதே வருஷம் பதவியை விட்டுவிட்டுக் காங்கிரசுக்கு வந்தார். பிறகு ராஜாஜிக்கு வேலூர் ஜெயில், 1925-ல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம், 1930-ல் வேதாரண்யம் உப்பு யாத்திரை. 1937-ல் சென்னை மாகாணப் பிரதமர். சொந்த ஜில்லாவான சேலத்தில்தான் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தார். குறைந்த வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி போட்டார். வரவும் செலவும் நேராக வேண்டும் என்ற பழைய சேர்மன் புத்தி! அதே வருஷம் ஆலயப் பிரவேசச் சட்டமும் வந்தது. வால்வில் ஆரம்பித்தது கோயில் கதவு வரைக்கும் போனது.

1948 ஜூன் முதல் 1950 ஜனவரி வரை கவர்னர் ஜெனரல். அந்த நாற்காலியில் உட்கார்ந்த ஒரே இந்தியர். 1954-ல் பாரத ரத்னா.

எல்லாமே சரியாகச் செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. 1938-ல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். எதிர்த்தவர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். ஈரோட்டு நண்பரும் போனார். 1953-ல் பள்ளி நேரத்தைப் பாதியாக்கி, மீதி நேரம் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். அது ஜாதித் தொழிலுக்கே பிள்ளைகளைத் திருப்பி அனுப்பும் என்று நாடு எதிர்த்தது. 1954-ல் பதவி விலகினார். அக்கிரகாரத்து வால்வில் ஜாதியைப் பார்க்காதவருக்கு, இந்தத் திட்டத்தில் அது ஏன் கண்ணில் படவில்லை? என் வீட்டிலேயே முதல் பட்டதாரி நான்தான். அந்தத் திட்டம் நிலைத்திருந்தால் என் அப்பா ஐந்தாவது வரைகூடப் படித்திருப்பாரா என்று தெரியாது. ஒரு நாள் நிமிர்ந்து நின்றவர் எல்லா நாளும் சரியாக இருப்பார் என்று கிடையாது. அதற்காக அந்த ஒரு நாள் பொய்யாகியும் விடாது.

1972 டிசம்பர் 25-ந் தேதி, 94 வயதில், சென்னையில் காலமானார். அரை நூற்றாண்டு அரசியலில் எதிர்த்து நின்ற பெரியார், சக்கர நாற்காலியில் வந்து நண்பருக்காகக் கண்ணீர் விட்டார். குழாயும் சாக்கடையும் பார்த்த காலத்து நட்பு அது.

தம்பி தங்கைகளுக்கு

இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, உங்களில் பலர் சாஃப்ட்வேருக்குப் போவீர்கள், சிலர் வெளிநாடு போவீர்கள். ஒன்றிரண்டு பேராவது என்னைப் போல ஏதோ ஒரு ஊரில் குழாய் பதிக்க வருவீர்கள். பெரிய அணை கட்டும் வாய்ப்பு எல்லோருக்கும் வராது. ஆனால் யாரை எந்த வால்வில் போடுவது என்ற ஒரு வரி உத்தரவு உங்கள் மேஜைக்கு நிச்சயம் வரும். அதற்கு ஹைட்ராலிக்ஸ் புத்தகத்தில் ஃபார்முலா இல்லை.

என் மேஜைக்கு இப்போது அப்படி மனு வந்தால், நேர நோட்டை எடுத்து அவர்கள் எதிரிலேயே பிரித்து வைக்கிறேன். நேரம் சரியாகத்தானே இருக்கிறது, வேறு காரணம் இருந்தால் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள் என்கிறேன். இதுவரை ஒருவரும் எழுதித் தரவில்லை. மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஆள் அதே வால்வில் இருக்கிறார். இதைச் செய்ய ராஜாஜி அளவுக்குத் தைரியம் தேவையில்லை. அன்றைக்கே இது எனக்குத் தோன்றியிருக்கலாம்.

மதியச் சாப்பாட்டில் பார்ப்போம். பழைய மெஸ் சாம்பாரைப் பற்றி அங்கே பேசிக்கொள்ளலாம்!

- 2009-ஆம் ஆண்டு சிவில் மாணவன்