மூளைக்கே நேராக மருந்து சேர்க்கும் குட்டிக் கருவி: அதற்குள் போகும் மருந்துக்கு வழி திறந்த சென்னை மாணவர்! யார் இந்த சுப்பாராவ்?

ரத்தப் புற்றுநோய் மூளையைச் சுற்றியுள்ள திரவத்துக்குப் பரவினால், மாத்திரையும் கையில் ஏற்றும் ஊசியும் பல நேரம் போதாது. ரத்தத்தில் கலந்த மருந்தை மூளைக்குள் லேசில் விடாத தடுப்பு நம் உடம்பிலேயே இருக்கு. அப்போது முதுகுத்தண்டில் ஊசி போடுவார்கள். இல்லையென்றால் தலைத்தோலுக்கு அடியில் 'ஒம்மாயா ரிசர்வாயர்' பொருத்துவார்கள். ஓசூர், கிருஷ்ணகிரியில் இருந்து புற்றுநோய் சிகிச்சைக்காக பெங்களூரு போகும் குடும்பங்கள் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கலாம்.

இதன் வழியாகச் செலுத்தப்படும் முக்கிய மருந்து மெத்தோட்ரெக்சேட். அந்த வகை மருந்துகளுக்கு வழி திறந்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

யார் இவர்?

1895-ல் அன்றைய சென்னை மாகாணத்தின் பீமாவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷனில் மூன்றாவது முயற்சியில்தான் பாஸ் ஆனார். குடலைப் பாதிக்கும் 'ஸ்ப்ரூ' நோய்க்கு சகோதரர்கள் இருவரைப் பறிகொடுத்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல் எல்.எம்.எஸ். மட்டுமே பெற்றார்.

அமெரிக்காவில் என்ன செய்தார்?

1923-ல் பாஸ்டன் போனார். செலவுக்காக மருத்துவமனையில் எடுபிடி வேலையும் பார்த்தார். ஹார்வர்டில் நிரந்தரப் பணி கிடைக்காததால், 1940-ல் லெடர்லே மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். 1945-ல் அவரது குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. சகோதரர்களைப் பறித்த அதே ஸ்ப்ரூவுக்கு அது மருந்தானது.

ஆனால் ரத்தப் புற்றுநோய் செல்கள் வளரவும் ஃபோலிக் அமிலம் வேண்டும். அப்படியென்றால் அதைத் தடுத்தால்? சுப்பாராவ் குழு கொடுத்த அமினோப்டெரினை டாக்டர் சிட்னி ஃபார்பர் 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. இந்த முடிவு 1948 ஜூனில் வெளியானது. அதே ஆகஸ்டில் சுப்பாராவ் 53 வயதில் இறந்தார். அமினோப்டெரினின் உடன்பிறப்புதான் மெத்தோட்ரெக்சேட்.

கருவி எப்படி வேலை செய்யுது?

பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்த நரம்பியல் அறுவை நிபுணர் அயூப் ஒம்மாயா 1963-ல் இதை அறிமுகம் செய்தார். தோலுக்கு அடியில் ஒரு சிலிக்கோன் குமிழ். அதிலிருந்து மூளையின் திரவ அறைக்கு ஒரு மெல்லிய குழாய். குமிழில் ஊசி குத்தினால், அளந்த மருந்து நேராகத் திரவத்தில் கலக்கும். ஒவ்வொரு தடவையும் முதுகில் குத்த வேண்டியதில்லை.

கிருமித் தொற்று ஆபத்தும் உண்டு. கருவி வைத்தவருக்குக் காய்ச்சல், கடும் தலைவலி, குமிழ் இருக்கும் இடத்தில் சிவப்பு வந்தால் தள்ளிப்போடாம உடனே டாக்டரிடம் போகணும்.