வ.உ.சி. பம்பாய்க்கு வந்த காரணம்

கப்பலோட்டிய தமிழர் வ.உ.சிதம்பரம் பிள்ளையின் பெயரை அறியாத தமிழர் இல்லை. ஆனால் அவர் கப்பல் வாங்கப் பம்பாய்க்கு வர நேர்ந்தது ஒரு குத்தகை ஒப்பந்தம் முறிந்ததால்தான் என்பது பலருக்கும் நினைவில் இருப்பதில்லை.

1872 செப்டம்பர் 5-ல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த அவர், தந்தையைப் போலவே வக்கீலானார். அந்நாளில் தூத்துக்குடி-கொழும்பு கப்பல் வணிகம் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் பிடியில் இருந்தது. அதை எதிர்த்து 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர், வ.உ.சி. உதவிச் செயலாளர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 2 லட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கினார்.

கம்பெனி என்று பெயரே தவிர, தொடக்கத்தில் சொந்தமாக ஒரு கப்பலும் கிடையாது. ஷாலைன் ஸ்டீமர்ஸ் என்ற கம்பெனியிடம் குத்தகைக்கு எடுத்தே ஓட்டினார்கள். வெள்ளைக்காரக் கம்பெனி சும்மா இருக்குமா? ஷாலைன்காரர்களை நெருக்கியது. அவர்கள் குத்தகையை ரத்து செய்துவிட்டார்கள்.

ஒப்பந்தத்தை முறித்தவர் மீது வழக்குப் போடலாம். ஆனால் தீர்ப்பு வர எத்தனை காலமாகும் என்று வக்கீலுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பயணியும் சரக்கு மூட்டையும் அதுவரை கரையில் காத்திருக்குமா? எதிரியின் கப்பலில் ஏறிவிடும். நஷ்ட ஈடு வந்தாலும் போன வாடிக்கை வராது. எனவே வ.உ.சி. உடனே கொழும்பிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்கு அமர்த்தி, ஓட்டம் நில்லாமல் பார்த்துக்கொண்டார்.

அதுவும் வாடகைக் கப்பல்தானே! ஷாலைனை நெருக்கியவர்கள் நாளை கொழும்புக்காரரையும் நெருக்கலாம். கப்பலோடு திரும்புவேன், இல்லையேல் கடலில் மாய்வேன் என்று சூளுரைத்துப் பம்பாய்க்குப் புறப்பட்டார். 1907-ல் காலியா என்ற கப்பல் சுதேசிக் கம்பெனிக்குச் சொந்தமாகத் தூத்துக்குடி வந்து சேர்ந்தது. லாவோ என்ற மற்றொரு கப்பலும் வந்தது.

இனி ஒப்பந்தத்தைக் கலைத்துக் கப்பலைப் பறிக்க முடியாது. எதிரிக்குக் கட்டணம் ஒன்றே ஆயுதமாயிற்று. வெள்ளைக்காரர் கட்டணத்தை ஒரு ரூபாயாக்கினர். சுதேசிக் கப்பலில் எட்டணா. பின்னர் அவர்கள் இலவசமாகவே ஏற்றிச் சென்று, கையில் ஒரு குடையும் கொடுத்தார்கள். வசதி படைத்த கம்பெனிக்கு அது முடிந்தது. 25 ரூபாய் பங்குக்காரருக்கு எத்தனை நாள் தாங்கும்?

1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டு, அப்பீலில் குறைந்தது. ஒருவரையே பெரிதும் நம்பியிருந்தது அக்கம்பெனியின் பெருங்குறை. அவர் கோவைச் சிறையில் செக்கிழுத்தபோது, வெளியில் எடுத்து நடத்த ஆளில்லை. மற்ற டைரக்டர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. அரசாங்கத்தின் கோபத்துக்கு அஞ்சாதவர் அன்று எத்தனை பேர்? 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. காலியா, எந்தக் கம்பெனியை எதிர்த்து வாங்கப்பட்டதோ அதனிடமே விலை போயிற்று.

1912 டிசம்பரில் விடுதலையானவருக்குக் கப்பலும் இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை. சென்னையில் வறுமையில் வாடினார். பிற்காலத்தில் வாலஸ் என்ற ஆங்கில நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காகத் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். 1936 நவம்பர் 18-ல் தூத்துக்குடியில் காலமானார்.