மூட்டுக்குள் எட்டிப் பார்த்த டாக்டர்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்கிப் பிழைப்பவருக்கு முழங்கைதான் மூலதனம். ஆண்டுக்கணக்கில் பாரம் சுமந்த கையில் சிலருக்கு மூட்டுத் தேய்மானம் வந்துவிடுகிறது. எலும்பின் ஓரங்கள் முள்போல் வளர்ந்து முட்டுகின்றன. கையை முழுதாக நீட்டவும் முடிவதில்லை, மடக்கவும் முடிவதில்லை. மருந்துக்கும் பயிற்சிக்கும் மசியாத நிலையில், இந்த முட்களைச் சிறு துளைகள் வழியாகவே இன்று அகற்றுகிறார்கள். இதற்கு வழிகாட்டிய முன்னோடிகளில் தலையாயவர் ஜப்பானிய டாக்டர் கென்ஜி தகாகி.

1888-ல் பிறந்த தகாகி, டோக்கியோ பல்கலைக்கழகத்தில் எலும்பு மருத்துவராகப் பணியாற்றினார். அந்நாளில் காசநோய் நுரையீரலோடு நிற்கவில்லை. பலரது முழங்காலையும் தாக்கி விறைக்கச் செய்தது. நம்மைப் போலவே தரையில் அமர்ந்து உண்ணும் வழக்கமுடையவர்கள் ஜப்பானியர். கால் மடங்காதவருக்குச் சொந்த வீட்டிலேயே உட்கார வழியில்லை. நோயை ஆரம்பத்திலேயே கண்டுகொண்டால் காலைக் காப்பாற்றலாம். ஆனால் மூட்டை அறுத்துத் திறக்காமல் உள்ளே பார்ப்பது எப்படி?

சிறுநீர்ப்பையின் உட்புறத்தைப் பார்க்கும் குழாய்க் கருவி அப்போதே இருந்தது. 1918-ல் தகாகி அதை இறந்தவர் ஒருவரின் முழங்காலில் செலுத்திப் பார்த்தார். மூட்டின் உட்புறம் கண்ணுக்குத் தெரிந்தது. 1920-ல் மூட்டுக்கென்றே தனிக் கருவி செய்தார். அதன் தடிமன் 7.3 மில்லிமீட்டர். நோயாளிகளிடம் பயன்படுத்த அது மிகவும் பருமன். அவர் மனம் தளரவில்லை. 11 ஆண்டுகள் கழித்து, 1931-ல், 3.5 மில்லிமீட்டர் கருவி உருவாயிற்று. மூட்டுக்குள் உப்புநீரைச் செலுத்தி விரித்து, அதன் வழியே பார்த்தார். அடுத்த ஆண்டில் உட்புறத்தைப் படமும் பிடித்தார். அவர் வடிவமைத்த கருவிகள் மொத்தம் 12.

உலகப் போருக்குப் பின் அவருடைய மாணவர் மசாகி வாதனாபே, குருவின் எண்ணிக்கையைத் தொடர்ந்து 13-வது கருவியிலிருந்து ஆரம்பித்தார். அவரது 21-வது கருவி பல நாடுகளுக்கும் பரவியது. 1962-ல் முழங்காலில் கிழிந்த குருத்தெலும்பை வாதனாபே துளை வழியாகவே வெட்டி எடுத்தார். பார்ப்பதற்கென்று பிறந்த கருவி சிகிச்சைக்கும் உதவியது. மறு ஆண்டு, 1963-ல், தகாகி காலமானார்.

முழங்கை மட்டும் எளிதில் வசப்படவில்லை. இடம் குறுகல், கைக்குச் செல்லும் முக்கிய நரம்புகளும் ரத்தக் குழாயும் ஒட்டியே ஓடுகின்றன. 1931-ல் நியூயார்க் டாக்டர் மைக்கேல் பர்மன், இந்தச் சோதனைக்கு முழங்கை ஏற்றதல்ல என்றே கருதினார். 1980-களில்தான் அதற்கான முறை வகுக்கப்பட்டது. இன்று எலும்பு முட்களையும், உதிர்ந்து மிதக்கும் துண்டுகளையும் எடுத்து, இறுகிய மூட்டு உறையையும் தளர்த்துகிறார்கள். தேய்ந்த குருத்தெலும்பு இதனால் திரும்ப வளராது. ஆனால் வலி குறையும். கை முன்னிலும் நன்றாக மடங்கும்.

தரையில் உட்கார முடியாதவர்களுக்காக ஒருவர் தொடங்கிய முயற்சி, தன் கையால் உணவை வாய்க்குக் கொண்டுபோக முடியாதவருக்கும் இன்று துணை நிற்கிறது.