அடங்கிய குதிரையும் நம்பிய குதிரையும்

நல்லதண்ணியில் சிவனொளிபாதமலைப் பருவகாலம் தொடங்கிவிட்டால் வடக்கு கிழக்கிலிருந்தும் பஸ்கள் வரும். மலை ஏறி இறங்கியவர்களில் பலர் மஸ்கெலியா, ஹட்டன் வழியாக அப்படியே நுவரெலியாவுக்கும் போய்விட்டுத்தான் ஊர் திரும்புவார்கள். கிறகரி வாவிக் கரையில் பிள்ளைகள் முதலில் ஓடுவது சவாரிக் குதிரைகளிடம்தான். நெடுந்தீவில் மட்டக்குதிரைகளைப் பார்த்த பிள்ளைகளுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். அங்கே வெட்டையில் திரியும் குதிரை ஆளைக் கண்டால் விலகிப் போகும். வாவிக் கரைக் குதிரை கழுத்தைத் தடவவிட்டு நிற்கும்.

ஒரு காட்டுக் குதிரை மனிதனின் கைக்குப் பழகுவது எப்படி? சவுக்கால்தான் என்று உலகம் நம்பியிருந்த காலத்தில் வேறொரு பதிலைச் சொன்னவர் ஜோன் சொலமன் ரேரி. இன்று அவரது பெயர் அதிகம் பேருக்குத் தெரியாது. 1858இல் அவரை அறியாதவர்கள் இலண்டனில் குறைவு.

ரேரி 1827 டிசம்பரில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் குரோவ்போர்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். குதிரைகளுக்கு நடுவே வளர்ந்த பையன். முரட்டுக் குதிரையைக் கட்டிவைத்து, அது சோர்ந்து விழும்வரை அடிப்பதுதான் அன்றைய வழக்கம். ரேரி அடிப்பவர்களைப் பார்க்காமல் குதிரையைப் பார்த்தார். அது ஏன் உதைக்கிறது? முரட்டுக் குணத்தால் என்று எல்லோரும் சொன்னார்கள். பயத்தால் என்று அவர் கண்டார்.

1856இல் தனது முறையை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். அதன் சாரம் எளிமையானது. தனக்கு விளங்கிய ஒன்றைச் செய்யக் குதிரை மறுப்பதில்லை. புதிய பொருள் எதுவானாலும் அதைப் பார்க்கவும் மணக்கவும் மூக்கால் தொடவும் விட்டால் அதன் பயம் போய்விடும். சேணத்தைத் திடீரென்று முதுகில் போடாமல், முதலில் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். குரல் உயரக்கூடாது. அவசரப்படக்கூடாது.

1857இன் இறுதியில் அவர் பிரித்தானியாவுக்குப் புறப்பட்டார். அடுத்த ஜனவரியில் வின்ட்சர் கோட்டையில் விக்டோரியா மகாராணியின் முன்னால் குதிரைகளைப் பழக்கிக் காட்டினார். அதன் பிறகு பிரபுக்கள் ஆளுக்கு 10 கினி கட்டி, இரகசியத்தை வெளியே சொல்வதில்லை என்று உறுதியளித்து அவரிடம் கற்றார்கள். அவரது பழைய நூலை இலண்டன் பதிப்பகமொன்று மலிவு விலையில் அச்சிட்டுவிட, இரகசியம் சந்தைக்கு வந்துவிட்டது.

அந்தக் காலத்தில் நமது மலைநாட்டு நிலைமை என்ன? இங்கே தேயிலை இன்னும் வரவில்லை, கோப்பிக் காலம். தமிழகத்திலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காடுகளூடாக மாத்தளைக்கு நடந்தார்கள். கொலராவாலும் பட்டினியாலும் வழியிலேயே மடிந்தவர்கள் ஏராளம். துரை குதிரையில் போனார், குதிரைக்காரன் பின்னால் ஓடினான். அடித்தால்தான் வேலை நடக்கும் என்ற நம்பிக்கை மிருகத்தோடு நிற்கவில்லை.

ரேரியின் பெயரை நிலைநிறுத்தியது குரூசர் என்ற பந்தயக் குதிரை. டோர்செஸ்டர் பிரபுவுக்குச் சொந்தமான பொலிக்குதிரை அது. கிட்டப் போனவர்களைக் கடித்துக் குதற வந்ததால், கனமான இரும்பு வாய்க்கூடு மாட்டித் தனியே அடைத்து வைத்திருந்தார்கள். ஆண்டுக்கணக்கில் யாரும் அதன் மேல் ஏறியதில்லை. 1858 ஏப்ரலில் ரேரி அந்த லாயத்துக்குப் போனார். மூன்று மணித்தியாலங்களில் அவரும் பிரபுவும் அதன் முதுகில் ஏறக்கூடியதாக இருந்தது. பிறகு குரூசரை அவர் இலண்டன் மேடைகளுக்கே கொண்டுவந்தார். விலங்குக் காட்சிச்சாலையின் வரிக்குதிரை ஒன்றையும் பழக்கிக் காட்டினார்.

1860இல் நாடு திரும்பியபோது குரூசரோடு ஷெட்லண்ட் தீவுகளின் மட்டக்குதிரைகளும் அவருடன் போயின. இந்தச் சிறிய குதிரைகளுக்கும் ஒரு துயரக் கதை உண்டு. 1842இல் பிரித்தானியாவில் பெண்களையும் 10 வயதுக்குக் குறைந்த சிறுவர்களையும் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறக்கச் சட்டம் தடை விதித்தது. அதன் பிறகு தாழ்ந்த சுரங்கப் பாதைகளில் வண்டி இழுக்க மட்டக்குதிரைகள் பெருமளவில் இறக்கப்பட்டன.

அவற்றின் வழிவந்த சின்னஞ்சிறு குதிரைகளை இன்று பல நாடுகளில் வளர்க்கிறார்கள். அமெரிக்கச் சங்கமொன்றின் விதிப்படி உயரம் 34 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. பெரியவர்கள் ஏறிச் சவாரி செய்ய முடியாது என்பதால் சிறு வண்டி இழுக்கப் பழக்குகிறார்கள். முதலில் வெறும் வார்ப்பட்டைகளைப் பூட்டி நடக்கவிடுகிறார்கள். பிறகு நீண்ட கடிவாள வாரோடு பின்னால் நடந்து, நில், நட, திரும்பு என்று குரலுக்குப் பழக்குகிறார்கள். அடுத்து, பின்னால் ஏதாவது சத்தத்தோடு இழுபடுவதற்குப் பழக ஒரு பாரமில்லாத பொருள். பிறகு வெறும் வண்டி, கடைசியில்தான் ஆள். குதிரை மிரண்டால் ஒரு படி பின்னுக்குப் போக வேண்டும். வாரை இறுக்கும்போது அது சரியாகச் செய்தால் அந்தக் கணமே தளர்த்திவிட வேண்டும். அந்தத் தளர்வுதான் அதற்குக் கிடைக்கும் பரிசு.

ஆனால் ரேரியின் முறையில் ஒரு நெருடல் இருக்கிறது. முரட்டுக் குதிரையின் முன்னங்கால் ஒன்றை அவர் மடித்து வாரால் கட்டுவார். தேவைப்பட்டால் மற்றதையும் கட்டுவார். மூன்று காலில் தத்தளித்துக் களைத்த குதிரை கடைசியில் நிலத்தில் படுத்துவிடும். அதன் பிறகுதான் தடவலும் மென்மையான பேச்சும் வரும். அடி இல்லை, உண்மை. என்றாலும் வேறு வழியில்லாமல் படுத்த குதிரை அமைதியடைந்துவிட்டதா, கைவிட்டுவிட்டதா? இருபதாம் நூற்றாண்டில் டொம் டொரன்ஸ் போன்றவர்கள் வளர்த்தெடுத்த இயல்புவழிப் பயிற்சி குதிரையைக் கட்டிப் படுக்கவைப்பதைத் தன் வழியாகக் கொள்ளவில்லை. அது தானாகக் கிட்ட வரும்வரை காத்திருக்கச் சொல்கிறது.

அந்த வித்தியாசம் நமக்குப் புதிதல்ல. மே 2009க்குப் பிறகு வன்னியில் நிலவிய மௌனத்தை அமைதி என்று எழுதியவர்கள் பலர். 1977, 1983 வன்செயல்களில் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்டு வன்னிக்குப் போய், அங்கும் போரில் எல்லாவற்றையும் இழந்த மலையகக் குடும்பங்கள் அந்த மௌனத்துக்குள் இருந்தன. அடங்கி நிற்பவர் நம்பிக்கையோடு நிற்கிறார் என்று கணக்குப் போடுவது கட்டியவருக்கு வசதி. கட்டப்பட்டவருக்குத்தான் உண்மை தெரியும்.

ரேரி ஊர் திரும்பிய மறு ஆண்டே அமெரிக்க உள்நாட்டுப் போர் வெடித்தது. அந்த நான்கு ஆண்டுகளில் 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகளும் கோவேறு கழுதைகளும் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. குதிரைக்குப் பயம் இருக்கிறது என்று ஒரு தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர் வாழ்ந்த காலம் அது. 1866 ஒக்டோபர் 4ஆம் திகதி கிளீவ்லண்ட் நகரில் ரேரி காலமானார். வயது 38தான். குரூசர் அவருக்குப் பின்னும் 9 ஆண்டுகள் உயிரோடிருந்தது. அது இறந்த அதே 1875இல்தான் நுவரெலியாவில் குதிரைப் பந்தயத் திடல் அமைந்தது.

அடுத்த முறை வாவிக் கரையில் பிள்ளை குதிரையைத் தொடப் போனால், முதலில் கையை நீட்டிவிட்டு நிற்கச் சொல்லுங்கள். குதிரை மூக்கை நீட்டி மணந்து பார்க்கட்டும். அது கிட்ட வந்தால் தடவலாம். விலகினால் விட்டுவிடலாம்.